காரைக்குடியில் ஓர் இழுப்பறை அலமாரி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், ரவிவர்மா படங்கள், மரத்தூண்கள் எல்லாம் கடை வாசல்வரை வந்து நிற்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரியும்போதும் இடிபடும்போதும் வெளியே வரும் சாமான்கள். யாரோ ஓர் ஆச்சி பட்டுச்சேலை மடித்து வைத்த இழுப்பறை அலமாரியும் இவற்றின் நடுவே விலைக்கு நிற்கும்.

எதைக் கேட்டாலும் ‘பர்மா தேக்கு’ என்பார்கள். பளபளப்பில் மயங்க வேண்டாம்; பாலிஷ் நேற்று போட்டதாக இருக்கலாம். ஓர் இழுப்பறையை முழுதாக உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். மூலையில் பலகைகள் விரல் கோத்தாற்போல் பொருந்தி, பற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாவிட்டால் பெரும்பாலும் கைவேலை. அடிவிளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். பல வருஷம் இழுத்துத் தள்ளிய மரம் தேயாமல் இருக்குமா? கைப்பிடிக் குமிழ் மாற்றியிருந்தால் உட்புறம் பழைய ஓட்டை காட்டிக்கொடுக்கும். அது குற்றமில்லை, விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

பொடி ஓட்டைகள் தெரிந்தால் தட்டிப் பாருங்கள். புதிதாக மாவு உதிர்ந்தால் வண்டு உள்ளேயே இருக்கலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் மரச்சாமான்களுக்கும் பரவக்கூடும்.

முன்பணம் கொடுக்குமுன் இன்னொன்று. செட்டிநாட்டு அறைகளில் இருந்த அலமாரி அடுக்குமாடி லிஃப்டில் நுழைய வேண்டுமே! லிஃப்ட் கதவையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து, துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.