ஒன்றரைக் கிலோ புளியங்கட்டை

உடற்பயிற்சிக்குச் சுழற்றும் கர்லாக்கட்டைக்குப் புளியமரம்தான் சரி என்பது கடைசல் மேஸ்திரியின் கட்சி. தேக்கில் கேட்டு வருகிறவர்கள் உண்டு. பார்க்க அழகு, விலையும் கூட. ஆனால் எடை நிற்காது, இரண்டு கிலோ வர வேண்டுமென்றால் கட்டை பூசணிக்காயாகப் பெருத்துவிடும். கருங்காலி கேட்கிறவர்கள் சமீபத்தில் அதிகம். கழுத்தில் போடும் மாலையில் தொடங்கிய மோகம் கட்டை வரை வந்திருக்கிறது. "நெசமான கருங்காலி அவ்வளவு சுளுவா கிடைச்சா நான் ஏம்மா இங்க மரத்தூள்ல உக்காந்திருக்கேன்?" என்கிறார். புளியின் இழை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் லேசில் பிளக்காது. கறிக்கடையில் நாளெல்லாம் வெட்டு வாங்கும் கட்டை பெரும்பாலும் புளியாக இருப்பது அதனால்தான். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஓரத்து மரங்களைச் சாய்க்கும் இடங்களில் அவர் சொல்லிவைத்த ஆட்கள் இருக்கிறார்கள்.

இரும்புலியூரில் ஜிஎஸ்டி சாலையின் இரைச்சல் எட்டுகிற உள்தெரு ஒன்றில் இருக்கிறது பட்டறை. தகரக் கூரை, ஒரு மோட்டார், ஒரு லேத், சுவர் நெடுக உளிகள். பெயர்ப்பலகை கிடையாது. மதுரவாயல் போகும் பைபாஸ் பிரிகிற பக்கம் வந்து "கடைசல்" என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கை காட்டுவார்கள். தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனதும் இந்தத் தெருக்களுக்கும் மாநகரப் பவிசு வந்துவிட்டது. முக்குக்கு முக்கு மாடியில் கண்ணாடி போட்ட ஜிம், வாசலில் புடைத்த புஜங்களோடு ஒரு பேனர். அந்தப் படிகளில் ஏறாமல் உடம்பில் கொஞ்சம் வலு ஏற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தக் கேள்வி அழகு சம்பந்தப்பட்டதில்லை. முப்பதுகளுக்குப் பிறகு, சும்மா இருந்தாலே தசை கரைந்துகொண்டு போகும். கேஸ் சிலிண்டரை உருட்டவும் பரணிலிருந்து அண்டாவை இறக்கவும் யாரையாவது கூப்பிட வேண்டிய நிலை ஒரே நாளில் வருவதில்லை.

"யாருக்கும்மா, பையனுக்கா?" என்றார் மேஸ்திரி. எனக்குத்தான் என்றேன். லேத்தை நிறுத்தி, பெல்ட் ஓய்ந்த பிறகு, "வலது கையை நீட்டுங்க" என்றார். ஒரு பழைய கைப்பிடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொட வேண்டுமாம். தொடாவிட்டால் பிடி தடிமன். தாண்டிப் போனால் மெலிசு, சுழற்றும்போது நழுவும். "டெய்லர் அளவெடுக்கிற மாதிரிதான். ஆனா துணின்னா பிரிச்சுத் தெச்சுக்கலாம், மரத்துல குறைக்கத்தான் முடியும்."

அவருடைய சோறு கர்லாக்கட்டையில் இல்லை. கட்டில் கால், ஊஞ்சல் சட்டத்துத் தூண், மாடிப்படிக் கைப்பிடியின் குட்டித் தூண்கள், பூஜை மாடத்துக் குமிழ்கள், பூரிக்கட்டை ஆகியவைதான் வருமானம். படிக்கட்டு வேலையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் அள்ளிக்கொண்டு போய்விட்டது. மீதியை கம்ப்யூட்டர் வைத்த மெஷின் கடைந்து தள்ளுகிறது. கர்லாக்கட்டைக்கு முன்பு சிலம்ப ஆசான்கள் மட்டும் வருவார்களாம். இப்போது ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பையன்கள் செல்போனில் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். படத்தில் எடை தெரியாதே என்பது மேஸ்திரியின் குறை.

வேலை நான் நினைத்ததைவிட முன்னாலேயே தொடங்குகிறது. வெட்டி வந்த மரத்தை உடனே கடையக் கூடாது. ஈரத்தோடு கடைந்தால் ஒரே கோடையில் வாய் பிளக்கும். நிழலில் அடுக்கி, வெட்டு முகங்களில் பெயின்ட் அடித்து மாதக்கணக்கில் போட்டுவைக்கிறார். ஈரம் வெட்டு முகத்தின் வழியாகத்தான் வேகமாக ஓடும். அதை அடைத்தால் மெதுவாக, சீராகக் காயும். அடுத்தது மரத்தின் நடு. மையக் குருத்து உள்ளே இருக்கும்படி கடைந்தால் வெடிப்பு அங்கிருந்து கிளம்பும் என்பதால், அதை ஒதுக்கி வைரம் பாய்ந்த பகுதியில் கட்டை எடுக்கிறார். வாய்ச்சியால் நான்கு மூலையையும் தட்டி எட்டுப்பட்டை ஆக்கிய பிறகே லேத் ஏற்றுகிறார். சதுரமாகவே ஏற்றினால், சுற்றும்போது ஒவ்வொரு மூலையும் உளியை அடிக்கும்.

மோட்டாரைப் போட்டதும் எட்டுப்பட்டை மங்கலான உருளையாகத் தெரிகிறது. உளி தொட்டவுடன் சில்லு சில்லாகத் தெறிக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூலைகள் தீர்ந்ததும் சத்தம் மாறுகிறது. தடதடப்பு போய் சீரான ஒரு இரைச்சல், சில்லுக்குப் பதில் நீளச் சுருள். மேஸ்திரி பார்ப்பதைவிடக் கேட்பது அதிகம். கணு வரப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு உளியைத் தளர்த்துகிறார். உளியை அழுத்துவது கையல்ல, இடுப்பு. மணிக்கட்டு உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, இரண்டு கால்களுக்கும் நடுவே உடம்பு இடமிருந்து வலமாக நகர்கிறது. உடற்பயிற்சிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற விஷயம் இங்கே சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

வயிறு அடியில், கழுத்து மேலே, கைப்பிடி முனையில் ஒரு குமிழ். அந்தக் குமிழ் அலங்காரமில்லை. வியர்வையில் பிடி வழுக்கினால் கட்டை பறந்து போகாமல் சுண்டுவிரலில் மாட்டி நிற்பது அதனால்தான். வார்னிஷ் வேண்டாம் என்பதற்கும் அதே காரணம். உப்புத்தாள் போட்டு எண்ணெய் தேய்த்துக் கொடுக்கிறார். கடைசியில் கொக்கித் தராசில் மாட்டினார். ஒன்று அறுநூறு. திரும்பவும் லேத்தில் ஏற்றி, வயிற்றில் ஒரு சுற்றுச் சுருள் எடுத்து, மறுபடி தராசு. ஒன்றரை.

ஒன்றரைக் கிலோ என்றதும் எனக்கு ஏமாற்றம். மார்க்கெட்டிலிருந்து நான் தூக்கி வரும் பை இதைவிடக் கனம். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் கட்டையைக் கொடுத்து, கையை முன்னால் நீட்டிக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொன்னார். மணிக்கட்டு உடனே இறங்கியது. டம்பெல்லில் எடை உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. கர்லாவில் அது கையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது. நெம்புகோல் நீளமானால் சின்ன எடையும் பெரிய வேலை வாங்கும். சுழற்றும்போது கட்டை வெளியே இழுக்கிறது. மணிக்கட்டு, முன்னங்கை, தோள், முதுகு எல்லாம் சேர்ந்து அதை உள்ளே பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. தசை வளர்க்கிறவர்களுக்கு இது போதுமா என்றால், மார்புக்கும் தொடைக்கும் போதாது. தோளுக்கும் பிடிக்கும் இதைவிட மலிவான சாதனம் எனக்குத் தெரியவில்லை.

சுழற்றக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கட்டை நெஞ்சுக்கு முன்னால் நட்டமாக நிற்க வேண்டும். அங்கிருந்து எதிர்த் தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் விழ விட்டு, பின்னந்தலையைச் சுற்றி இந்தப் பக்கத் தோள் வழியாக முன்னால் கொண்டுவர வேண்டும். "நீங்க அதைச் சுத்தாதீங்கம்மா. அது போற வழில விடுங்க, திரும்பி வர்ற இடத்துல மட்டும் பிடிங்க." தாழ்வான கூரையில் ஒரு முறை இடித்தேன். வாசலுக்கு அனுப்பிவிட்டார்.

இந்தக் கட்டை கடல் தாண்டிப் போன கதை வேடிக்கையானது. இங்கே சிப்பாய்கள் சுழற்றுவதைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1834இல் லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் அது இடம்பிடித்தது. பிறகு ஐரோப்பா, அமெரிக்கா முழுக்கப் பள்ளிகளிலும் ராணுவத்திலும் 'இந்தியன் கிளப்' சுழன்றது. எடையை வெகுவாகக் குறைத்து, வேகத்தையும் கோலத்தையும் கூட்டிவிட்டார்கள். 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் இரண்டிலும் அது பதக்கப் போட்டி. 1932இல் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத் அமெரிக்கப் பொருளாதாரச் சரிவில் வேலை இழந்தவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்து, வழியில் போன வண்டியை நிறுத்தி ஏறி வீட்டுக்குப் போனார். அதோடு ஒலிம்பிக்கில் கர்லா முடிந்தது.

கட்டை ஒன்றை வைத்து உடம்பு முழுவதையும் வளர்க்க முடியாது என்றேனே, மீதிக்கு வீட்டிலேயே சாமான் இருக்கிறது. தரையில் தண்டால் எடுக்க முடியாதவர் சுவரில் கை ஊன்றி ஆரம்பிக்கலாம். சுவர் எளிதானதும் சமையல் மேடை, அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. கை தாழத் தாழ உடம்பின் எடை கைகளுக்கு இறங்கும். பஸ்கிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே முதல் பாடம். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவர்களுக்கு அதுகூட வேண்டாம். இழுக்கும் தசைகளுக்குத் தண்ணீர் கேன். புறநகரில் கேன் இல்லாத வீடு ஏது? காலி கேனில் ஐந்து லிட்டர் பிடித்தால் ஐந்து கிலோ, நிறைத்தால் இருபது. தேவைக்கு ஏற்றி இறக்கிக்கொள்கிற எடையை ஜிம்மில்தான் தேட வேண்டும் என்பதில்லை. இருபதும் போதவில்லை என்றால் அரிசி மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜிஎஸ்டி போட்டதிலிருந்து கடைகளில் 26 கிலோ மூட்டை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூடுதல் ஒரு கிலோவைத் தூக்குகிறவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கனமான இரும்பு இல்லாமல் தசை வளருமா என்ற சந்தேகம் நியாயமானது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒருவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 30 சதவீதத்தை, இனி முடியாது என்கிற வரை காலால் தூக்கினார்கள். இன்னொரு பக்கம் 80 சதவீதம். பத்து வாரத்தில் தொடைத் தசை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. உச்ச எடையைத் தூக்கும் பலம் மட்டும் 80 சதவீதம் தூக்கிய பக்கத்துக்குக் கூடுதல். ஆக, எடை குறைவாக இருக்கலாம், முயற்சி குறையக் கூடாது. முதல் சில வாரங்களில் பலம் கூடும், கை பருக்காது. இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்பு பழகிக்கொள்ளும் காலம் அது. கண்ணாடியில் தெரியவில்லை என்று பலர் விட்டுவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. தினமும் வேண்டியதில்லை, நடுவில் ஓய்வெடுக்கும் நாளில்தான் தசை வளர்கிறது. சாப்பாட்டில் புரதம் கவனிக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் வகுத்த சாதாரணத் தேவை. அறுபது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம் வரும். தசை வளர்க்க நினைப்பவருக்கு அதற்கும் மேலே. ஒரு முட்டை ஆறு கிராம். மூன்று வேளையும் சோறும் ரசமுமாக ஓட்டுகிற வீட்டில் சுண்டலும் முட்டையும் தயிரும் வேர்க்கடலையும் முனைந்து சேர்க்காமல் கணக்கு எட்டாது. டப்பாப் பவுடர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேஸ்திரியின் வலது முன்னங்கை இடதைவிட நன்றாகவே தடித்திருக்கிறது. உளி பிடித்த கை. அவருக்கு முதுகுவலியும் உண்டு. அப்பா பம்மல் பக்கம் கல் உடைத்தவராம். "அந்தாளு உடம்பைப் பாத்தீங்கன்னா எந்த ஜிம்மும் கிட்ட வராது. அம்பது வயசுல மாடி ஏற முடியாம மூச்சு வாங்குச்சு." பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல் கெட்டி, அதன் தூள் நுரையீரலுக்கு இன்னும் கெட்டி.

உழைக்கிறவனுக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வி தப்பு என்பதற்கு இப்போது கணக்கே இருக்கிறது. 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, வேலையில் கடும் உடலுழைப்பு செய்யும் ஆண்களுக்கு, உடலுழைப்பு குறைந்த வேலையில் இருப்பவர்களைவிட அகால மரண அபாயம் 18 சதவீதம் அதிகம். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது. கூலிக்குச் செய்யும் அதே அசைவு குறைக்கிறது. கூலி, சாப்பாடு, புகை, வீடு எல்லாம் அதில் கலந்திருக்கும் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். எனக்கு அதைவிட எளிய வித்தியாசம் ஒன்று தெரிகிறது. நான் பத்து தண்டால் எடுத்துவிட்டு இன்று போதும் என்று சொல்லலாம், தோள் வலித்தால் அடுத்த நாளைத் தள்ளிப்போடலாம். மூட்டை தூக்குகிறவர் எடையையும் தீர்மானிப்பதில்லை, ஓய்வையும் தீர்மானிப்பதில்லை. ஒரே எடை, ஒரே தோள், வருஷக்கணக்கில்.

நான் வாசலில் சுழற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேன் வண்டி வந்தது. இருபத்தைந்து வயதிருக்கும் பையன், தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன். எதிர்வீட்டு மூன்றாம் மாடிக்குப் போட்டுவிட்டு மூச்சு வாங்காமல் இறங்கி வந்தான். என்னைப் பார்த்து நின்றவன், "அக்கா, ஒரு தடவை குடுங்க" என்றான். கட்டையைச் சுண்டுவிரலால் தூக்குவது போலத் தூக்கினான். எதிர்த் தோள் வரை போயிற்று. பின்னால் விழவில்லை. கேன் சுமக்கிற வலது தோள் இறுகிப்போய், முழங்கை காதுக்கு மேலே ஏற மறுத்தது. இடது கையில் வாங்கிக்கொண்டான். அதில் ஓரளவு சுற்ற வந்தது. மேஸ்திரி லேத்தை நிறுத்திவிட்டு வந்து, கட்டையைக் கீழே வைக்கச் சொல்லி, வெறுங்கையாலேயே அந்தச் சுற்றைப் போடச் சொன்னார். "ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி தினம் இதைப் பண்ணுடா. தோள் விடும். அப்புறம் வா, ஒரு கிலோல கடஞ்சு தர்றேன். காசு மெதுவா குடு."

"எவ்ளோ நேரம்ணா பண்ணணும்?"

"பத்து நிமிஷம்."

அவன் வண்டியில் மிச்சமிருந்த கேன்களைத் திரும்பிப் பார்த்தான். "பத்து நிமிஷத்துல ஆறு கேன் போட்டுடுவேண்ணா" என்று சொல்லிவிட்டு, அடுத்ததைத் தூக்கி அதே வலது தோளில் வைத்துக்கொண்டான்.