ஏழு பேர்ச் நிலமும் ஒரு பசுவும்

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் புகைவண்டி மூச்சு வாங்கத் தொடங்குகிறது. வட்டவளை, றொசல்ல என்று ஒவ்வொரு நிலையமாக ஏறி ஏறி, நாலாயிரம் அடிக்கு மேலே அற்றனில் அது எம்மை இறக்கிவிட்ட வேளை, சித்திரை மாதத்து நண்பகலிலும் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியிருந்தது. 1884ஆம் ஆண்டில் இவ்விருப்புப்பாதை அற்றனை எட்டியது. கீழே செல்லும் தோட்ட விளைபொருள்களுக்காக இடப்பட்ட பாதை. மேலே வந்த மனிதருட் பலர் அதற்கு முன்னரே காட்டு வழியாக நடந்து வந்துவிட்டனர்.

எமது கல்லூரி விடுதியில் தங்கி உயர்தரம் கற்கும் மாணவன் ஒருவன், "லீவுக்கு ஒருக்கா எங்க தோட்டத்துக்கு வாங்க சேர்" என்று இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் வளவும் வேலியும் கிணறுமாக வளர்ந்த நாம், தேநீரை நாளுக்கு நாலு முறை அருந்தியும், அது விளையும் மண்ணை அதுவரை மிதித்ததில்லை. சொல்லிக்கொள்ளப் பெருமையான செய்தி அன்று. எமது சிறு வயதில், அயலிலே சில வீடுகளில் மலைநாட்டுச் சிறுவர்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறோம். அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று அன்று யாரும் கேட்டதில்லை, நாமும் கேட்கவில்லை.

அற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்லும் பேருந்தில் ஏறினோம். காசல்றீ நீர்த்தேக்கம் வளைவுக்கு வளைவு தோன்றி மறைந்தது. இறங்கிய இடத்திலிருந்து அரை மணி நேர ஏற்றம். மாணவன் ஆடு போல ஏறினான். நாம் மூன்றிடங்களில் இயற்கையை இரசிக்கும் பாவனையில் நின்று இளைப்பாறினோம்.

அவர்கள் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, அதன் ஓரத்தில் அடுப்பு. ஆறு பேர் குடித்தனம். எம்மை வரவேற்றவர் மாணவனின் அப்பாயி. எழுபதைக் கடந்த மூதாட்டி. "வாங்கய்யா, குளிருல வந்திருக்கீங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று அவர் நீட்டிய கோப்பை தூள் தேயிலையின் கறுப்புச் சாயம். உயர்ந்த வகையெல்லாம் கப்பலேறிவிட, எஞ்சும் தூளே இங்கு வழக்கம் என்றான் பேரன்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கே வீடு விழித்துக்கொண்டது. மருமகள் பீலிக்குச் சென்று இரண்டு குடம் நீர் கொண்டுவந்தார். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சேர்த்த தேயிலை மிலாறு அடுப்பில் படபடவென எரிந்தது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்த ரொட்டி, கட்டைச் சம்பல். மூவருக்குப் பொதியாகவும் மூவருக்குத் தட்டிலும் அது பங்கிடப்பட்டது. அதன் பின் மருமகள் இடுப்பிலே படங்கைக் கட்டி, கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் புறப்பட்டார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, பல தோட்டங்களில் 18 முதல் 20 கிலோ வரை கொடுத்தாற்றான் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே ஒரு பெண்ணின் முழு நாள் உழைப்பு, கடையில் நாலு கிலோத் தூள். குறைந்தபட்ச நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

அந்தக் கூலி மாத்திரம் வீட்டை நடத்தவில்லை என்பதை அன்று முழுவதும் அப்பாயியின் பின்னே நடந்து அறிந்துகொண்டோம்.

லயத்துக்குப் பின்னாற் பாறைகள் நிறைந்த சரிவு. தேயிலைக்கு உதவாதென்று விடப்பட்ட அந்த மூலையை அவரும், காலஞ்சென்ற அவர் கணவரும் நாற்பது ஆண்டுகளாகக் கல் பொறுக்கி, அந்தக் கற்களாலேயே அணை கட்டி, ஐந்து படிகளாக வெட்டியிருக்கின்றனர். மேற்படியில் போஞ்சி, அடுத்ததிற் கரட், அதற்கும் கீழே லீக்ஸ். லீக்ஸின் தண்டு வெண்மையாக நீள வேண்டுமானால், அது வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே வர வேண்டும். மூதாட்டி குந்தியிருந்து இரு கைகளாலும் மண்ணை இழுத்து அணைத்த விதம், குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது போலிருந்தது. மழை பெரிதாய்ப் பெய்த மறுநாள் முதல் வேலை, கீழ்ப்படியிலே தேங்கிய மண்ணைக் கூடையில் அள்ளி மீண்டும் மேற்படிக்குச் சுமப்பது. "மண்ணு எறங்கத்தான் பாக்கும்யா, நாமதான் ஏத்தணும்" என்றார்.

கொட்டிலில் ஒரு பசு, ஒரு கன்று. காலையிலும் மாலையிலும் ஒரு கட்டுப் புல். அட்டை கடிக்கும் ஓடைக்கரை வரை இறங்கி, அதை அறுத்துத் தலையிற் சுமந்து வர வேண்டும். நாமும் ஒரு கட்டுக்குத் தோள் கொடுத்தோம். பாதி வழியில் அதை மாணவனே வாங்கிக்கொண்டான். பால் பத்திரமாகப் போத்தலில் அளக்கப்பட்டுச் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அந்தப் பணத்தில்தான் மாணவனின் விடுதிச் செலவு. சாணம் மறைவில் மக்கி லீக்ஸுக்குப் போகிறது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்குக்கு வரும். நாயை இரவில் வெளியே விட்டால் சிறுத்தைக்கு வரும்.

இந்த நிலம் யாருடையது? இக்கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்டது தவறோ என்று பின்னர் எண்ணினோம். "தோட்டத்துது" என்ற ஒரே சொல்லில் அவர் முடித்துவிட்டார். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. எந்த மாற்றத்திலும் பின்கட்டுக் காய்கறித் துண்டுக்கு ஒரு காகிதம் வந்ததில்லை. அவருக்கே நெடுங்காலம் காகிதம் இருக்கவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்தபோது, அண்ணன் ஒருபுறமும் அவர் ஒருபுறமும் விழுந்தனர். அண்ணன் நீலகிரிப் பக்கம் கோத்தகிரிக்குப் போனார். அங்கும் தேயிலைதான் பறித்தார். அப்பாயிக்குக் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே கிடைத்தது.

இப்போது எதிர்ச் சரிவிலே புதிய தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. இந்திய அரசின் உதவித் திட்டம். வீடு 550 சதுர அடி, நிலம் 7 பேர்ச். 2017 மே மாதத்தில் இதே நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்துச் சென்றார். அடுத்த பட்டியலில் தங்கள் பெயர் வரும் என்று மருமகள் நம்புகிறார். எம்மூர்க்காரர் விளங்கிக்கொள்வதற்காகச் சொல்கிறோம்: எமது ஒரு பரப்பு வளவு 10 பேர்ச். ஏழு பேர்ச் என்பது முக்காற் பரப்பிலும் குறைவு. ஆயினும் லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை கழித்தவர்களுக்குத் தனிச் சுவரும் தனிக் கதவும் சிறிய காரியமல்ல. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை.

அன்றிரவு மாணவன் கொப்பியில் கணக்குப் போட்டான். ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக எஞ்சுவது 1,355. மலசலகூடம், படிக்கட்டு, மண் சரியாதிருக்க விட வேண்டிய ஓரம், எல்லாம் போனால்?

"மாட்டை எங்கடா கட்டுவ?" என்றார் அப்பாயி.

பேரன் பென்சிலைக் கடித்தான். மருமகளோ, "பிள்ளைக படுக்க எடம் வேணும் மாமி, மாட்டை வித்துட்டாப் போவுது" என்றார். மாட்டை விற்றால் விடுதிக் காசு எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாணவன் மட்டும் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினான். பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

மூன்றாம் நாட் காலையில் விடைபெற்றோம். ஒரு கட்டு லீக்ஸை வாழைநாரினாற் கட்டி எம்மிடம் தந்த அப்பாயி, கொட்டிலின் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே பழைய உரச் சாக்குகள் வரிசையாக அடுக்கி, வாய் கட்டி வைக்கப்பட்டிருந்தன. இருபத்திரண்டு இருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தோம். கல் ஒன்றுமில்லாத, சாணம் மக்கிய, கறுத்த மண்.

"அங்கிட்டு இருக்கிறது வெறும் செம்மண்ணுய்யா. எடம் கெடைக்கிற அன்னிக்கு இதைக் கொண்டு போயிரலாமுல்ல" என்றார். பின்னர் பேரன் பக்கம் திரும்பி, நாம் ஊர் சேர்ந்ததும் அவன் இன்னும் எட்டுச் சாக்குத் தேடிக்கொண்டு வர வேண்டும் என்று நினைவூட்டினார்.