பீமனும் பந்து வீசியவனும்

'இண்டஸ் ஷேர்' என்ற ரெஸ்லிங் ஜோடியைத் திருவண்ணாமலை வேங்கிக்காலில் யாருக்கும் தெரியாது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் அந்த ஜோடியின் பழைய வீடியோ ஒன்றைச் செல்போனில் காட்டினேன். கடைக்கார அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "இது நம்ம பீமன்தானே? விஜய் டிவில வருவானே. இவன் எதுக்குப்பா வெள்ளைக்காரன்கிட்ட அடி வாங்குறான்?"

நல்ல கேள்வி.

*

பீமன் என்றது சௌரவ் குர்ஜரை. மத்தியப் பிரதேசத்துக்காரர், குத்துச்சண்டையோடு உதையும் கலந்த கிக்பாக்சிங் ஆடியவர். 2012-இல் கலர்ஸ் டிவியில் வந்த 'ரிங் கா கிங்' நிகழ்ச்சியில் 'டெட்லி டண்டா' என்ற பெயரில் ரெஸ்லிங் செய்திருக்கிறார். அடுத்த வருடம் ஸ்டார் பிளஸ் மகாபாரதத்தில் பீமன் வேஷம். தமிழ்க்குரலோடு அது இங்கே வந்தபோது எங்கள் தெருவில் ராத்திரி சாப்பாட்டு நேரமே மாறியது.

அவருக்கு அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ சேர்த்துவிட்ட ஜோடி ரிங்கு சிங். உத்தரப்பிரதேசத்தில் பதோஹி பக்கம், லாரி டிரைவர் மகன், ஈட்டி எறிகிற பையன். கிரிக்கெட் நாட்டில் பேஸ்பாலுக்குத் தோள் தேடி 2008-இல் ஓர் அமெரிக்க ஏஜென்ட் நடத்திய 'மில்லியன் டாலர் ஆர்ம்' டிவி போட்டியில் முப்பதாயிரம் பேருக்கு மேல் பந்து எறிந்தார்கள். ஜெயித்தது ரிங்கு. மணிக்கு 87 மைல் வேகம், நம் கணக்கில் 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரையும் அதே போட்டியில் எறிந்த தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் ரிங்கு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியக் குடிமகன் ஆனார். டிஸ்னி 2014-இல் அதைப் படமாக எடுத்தது, இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். படம் வந்த காலத்தில் நிஜ ரிங்குவின் கைமுட்டி அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டது. மேல் வரிசை அணிகளுக்கு அவர் கடைசிவரை ஏறவில்லை.

2018 ஜனவரியில் இருவரையும் டபிள்யூடபிள்யூஇ எடுத்துக்கொண்டது. இருவருமே ஆறடியைத் தாண்டிய ஆட்கள், இருவருமே இந்தியர். ஜோடி சேர்க்க ஆபீசுக்கு அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை.

*

டேக் டீம் என்கிற ஜோடி ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்கிறவர்கள் குறைவு. மூலைக் கம்பத்தில் ஒரு சின்னக் கயிறு தொங்கும். வெளியே நிற்கிற ஆள் அதைப் பிடித்துக்கொண்டேதான் கை நீட்ட வேண்டும், அப்படித் தொட்டால்தான் டேக். ஆட்டத்தின் உயிர் அந்த ஒரு முழக் கயிற்றில் இருக்கிறது. நல்லவன் ஒருத்தனை எதிராளிகள் தங்கள் மூலைக்கு இழுத்துப்போய் மாற்றி மாற்றி மிதிப்பார்கள். இவன் தவழ்ந்து வருவான், விரல் எட்டாது, காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். ஒரு தடவை எட்டியே விடும், ஆனால் ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பியிருப்பார், செல்லாது. கூட்டம் கை தட்டித் தட்டி ஓய்ந்துபோகிற நேரம் பார்த்து நிஜமான டேக். புது ஆள் உள்ளே பாய்ந்து எதிராளிகள் இருவரையும் விளாசுவான்.

சண்டை என்பது சாக்கு. எட்டுமா எட்டாதா என்பதுதான் ஆட்டம். தனி ஆட்டத்தில் இது கிடைக்காது.

*

ஜோடி உருவாவதை விட உடைவதுதான் பெரிய கதை. 1992 ஜனவரியில் டிவியில் வந்த காட்சி: 'ராக்கர்ஸ்' ஜோடியின் ஷான் மைக்கேல்ஸும் மார்டி ஜெனட்டியும், முடிதிருத்தும் கடை மாதிரி போட்ட செட்டில், சண்டையை மறந்து கட்டிப்பிடிக்கிறார்கள். அடுத்த நொடி மைக்கேல்ஸ் முகத்தில் உதைத்து, ஜெனட்டியைக் கடைக் கண்ணாடிக்குள் தலைகீழாக வீசுகிறார். மைக்கேல்ஸ் அங்கிருந்து சாம்பியன் வரை போனார். ஜெனட்டி என்றால் இன்றும் அந்தக் கண்ணாடிதான்.

ஹோகன், சாவேஜ் ஜோடி இன்னும் பொறுமை. சாவேஜ் 1988-இல் ரெஸ்ல்மேனியா என்ற வருடாந்தரப் பெருநிகழ்ச்சியில் சாம்பியன் பெல்ட் வாங்கியபோது பக்கத்தில் ஹோகன். அப்போது விதைத்த பொறாமையை ஒரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்து, 1989 ஏப்ரல் ரெஸ்ல்மேனியாவில் இருவரையும் மோதவிட்டார்கள். சாவேஜின் மேனேஜர் மிஸ் எலிசபெத் மீது சந்தேகம், ஒருவரை ஒருவர் கவனிக்காத ஒரு ஆட்டம், ஒரு அறை. நிறுவனத்துக்கு எத்தனை டிக்கெட்!

துரோகம்தான் டேக் டீமின் அறுவடை. சேர்த்து வைத்த நம்பிக்கையை ஒரே இரவில் வெட்டிக் காசாக்குகிறார்கள்.

*

இண்டஸ் ஷேர் டிவியில் முதலில் வந்தது 2020 மார்ச் 25, டபிள்யூடபிள்யூஇயின் என்எக்ஸ்டி நிகழ்ச்சியில், மேனேஜர் மால்கம் பிவன்ஸோடு, மாட் ரிடிலை அடித்துப்போட. இந்தியா முழுக்க ஊரடங்கு தொடங்கிய தேதி அது. அமெரிக்காவிலும் அரங்கில் பார்வையாளர் இல்லை. கிரிவலப்பாதை வெறிச்சோடிக் கிடந்த அந்த நாட்களில் இரண்டு இந்தியர்கள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் உறுமினார்கள். டேக் டீம் கூட்டத்தின் கைதட்டலில் வளர்கிற பயிர். இது மழையில்லாத ஆண்டில் விதைத்தது.

*

2021 ஜனவரி 26, நம் குடியரசு தினத்துக்கென்று ஒரு தனி நிகழ்ச்சி போட்டார்கள். கடைசி ஆட்டத்தில் ட்ரூ மெக்கின்டயரோடு சேர்ந்து இண்டஸ் ஷேர் ஒரு பக்கம், ஜிந்தர் மஹாலும் பாலிவுட் பாய்ஸும் மறுபக்கம். இண்டஸ் ஷேர் பக்கம் ஜெயித்தது.

மே மாதம் ரிங்கு 'வீர்' ஆகி, தோற்ற ஜிந்தருக்குப் பின்னால் அடியாளாக நிற்கிறார். சௌரவ் எங்கே? ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. துரோகம் இல்லை, உதை இல்லை, கண்ணாடி இல்லை. ஜோடி உடைந்ததே பார்க்கிறவர்களுக்குச் சொல்லப்படவில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

*

ஆட்களை நிகழ்ச்சிகளுக்குப் பங்கு போடுகிற அக்டோபர் டிராஃப்டில் ஜிந்தர் ஒரு பக்கம், வீர் ஒரு பக்கம். அதன்பின் மாதக்கணக்கில் "வீர் மஹான் வருகிறார்" என்று விளம்பரம். வாராவாரம் வருகிறார், வருகிறார். ரெஸ்லிங் ரசிகர்களுக்கு அது கேலிப் பொருளாகிவிட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று ஒருவழியாக வந்து ரே மிஸ்டீரியோவையும் மகன் டாமினிக்கையும் துவைத்தார். அப்பன் மகன் டேக் டீமை அடிக்கத் தனியாளாக வந்தார் என்பதைக் குறித்து வைத்தேன்.

வேஷம் பார்க்கத் தகுந்தது. நெற்றி நிறைய மூன்று பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், கறுப்பு வேட்டி, மார்பில் 'அம்மா' என்று இந்தியில் பச்சை. அண்ணாமலையார் ஊரில் அந்தக் கோலத்தில் நடந்தால் கால் காசு காணிக்கையாவது விழும். அங்கே அது வில்லன் உடை.

இதே காலத்தில் சௌரவ் 'சங்கா' என்ற பெயரில் என்எக்ஸ்டியில் வேறு ஒருவருக்குக் காவலாளி.

*

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து. பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். தரையில் மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். வேஷக்காரர்கள் இருவர் அதைச் சுற்றி ஓடி, ஏறி, வசை பாடிக்கொண்டு சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான், செம்மண் கரைத்த மாதிரி சிவப்பு கொட்டும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். யார் ஜெயிப்பான் என்று தெரியாத குழந்தை கூட அங்கே இல்லை. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரெஸ்லிங்கை "எல்லாம் செட்டிங்" என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது. செட்டிங் குற்றமில்லை. கதையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவது குற்றம். தொடையில் அடி விழாமல் படுகளம் கலைந்தால் ஊர் சும்மா விடுமா?

*

ஓரமாக ஒன்று. தாராசிங் மல்லராக இருந்து 1965-இல் சினிமா பீமன் ஆனார். பி.ஆர். சோப்ரா தொடரின் பீமன் பிரவீண் குமார், ஆசியப் போட்டியில் வட்டெறிதலில் தங்கம் வாங்கியவர். சௌரவ் பீமனாகிப் பேர் வாங்கிய பிறகு ரெஸ்லிங் மேடைக்குத் திரும்பிப் போனார்.

இன்னொன்றும். தாராசிங்கின் பேரோடு ஒட்டிக்கொண்டே நம் தாத்தாக்கள் சொல்கிற மல்லர் கிங்காங், பஞ்சாபி டைகர் ஜோகிந்தர் சிங்கோடு சேர்ந்து 1955 நவம்பரில் ஜப்பானில் ஆசிய டேக் டீம் பட்டம் வாங்கியிருக்கிறார். இந்தியப் பெயர் உள்ள ஜோடிக்குப் பெல்ட் கிடைக்காது என்பது விதியல்ல.

*

2022 கடைசியில் என்எக்ஸ்டியில் மறுபடி சேர்ந்தார்கள். கிரீட் சகோதரர்களோடு மோதல், கூடவே ஜிந்தர். ஏன் பிரிந்தார்கள் என்று சொல்லாதவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடுவார்களா? 2023 டிராஃப்டில் முதன்மை நிகழ்ச்சியான 'ரா'வுக்கு ஏற்றினார்கள்.

பிறகு ஹைதராபாத். 2023 செப்டம்பர் 8, கச்சிபௌலி உள்ளரங்கம். சொந்த மண்ணில் முதலும் கடைசியுமாக ஒரு பெரிய மேடை. எதிரே கெவின் ஓவன்ஸ், சாமி ஜெயின். இவர்களிடமிருந்த டேக் டீம் பெல்ட் ஆறு நாள் முன்புதான் கைமாறியிருந்தது, அதுவும் ரிங்குவை வேலைக்கு எடுத்த அதே பிட்ஸ்பர்க் நகரத்தில். தோற்றால் கூடப் பெல்ட்டுக்காகத் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. தோற்றார்கள். அன்று கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது ஜான் சீனாவுக்கு.

2024 ஏப்ரல் 19, ரெஸ்ல்மேனியா முடிந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை, ஜிந்தர், வீர், சங்கா மூவரையும் அனுப்பிவிட்டார்கள். ஜோடியாக வேலைக்கு வந்தவர்கள் ஜோடியாகவே வீட்டுக்குப் போனார்கள். அதிலாவது ஒரு ஒழுங்கு.

*

என் கையில் பேனா இருந்தால் ஹைதராபாதில் இப்படி எழுதுவேன். சங்கா அடி வாங்கி, தவழ்ந்து, கை நீட்டுகிறார். வீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விரல் எட்டும் தூரம். வீர் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கி நடக்கிறார். அரங்கம் தெலுங்கில் திட்டட்டும், இந்தியில் திட்டட்டும். அடுத்த ஜனவரி 26-க்கு இருவரும் தனித்தனியாக, எதிரெதிரே. டீக்கடை அண்ணனே சந்தா கட்டியிருப்பார்.