கிருமிக்கு வயசாவதில்லை

குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம் போனவர்கள் எல்லோரும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலருக்கு அது நாய்க்கடி ஊசி மருந்து செய்யும் இடம். 1907இல் அது தொடங்கப்பட்டதும் அதற்காகத்தான். பின்னாளில் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே தயாரானது. ஆனால் அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. நம் ஊர்க்காரர்களே அதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஃப்ளூ காய்ச்சலைக் கண்காணிக்க 1950இல் இந்திய அரசு அமைத்த இன்ஃப்ளூயன்சா மையம் டெல்லியிலோ பம்பாயிலோ இல்லை, இங்கே குன்னூரில்தான் இருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், காலை நடைக்கு வரும் நண்பர்கள். கொரோனா பேச்சு வந்தால் போதும், "எந்த வைரஸும் நாளாக நாளாக வலு குறைஞ்சிடும் சார், அதுதான் இயற்கை" என்று ஒருவராவது சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு நெஞ்சில் தைக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1957 மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் வந்தவர்களோடு 'ஆசியன் ஃப்ளூ'வும் இறங்கியது. சில வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது. குன்னூர் மையத்தின் பொறுப்பில் இருந்த ஐ.ஜி.கே. மேனன் இதைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் விரிவாக எழுதினார். பதிவானவர்கள் மட்டுமே சுமார் 44 லட்சம் பேர். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். பதிவாகாதவர்களை யார் எண்ணினார்கள்?

எனக்கு அப்போது ஆறு வயது. எஸ்டேட்டில் பெரட்டுக் களத்தில் பாதி ஆள்தான் நின்றது என்று அப்பா வீட்டில் சொன்னது நினைவிருக்கிறது. லைன் வீடுகளில் வீட்டுக்கு இரண்டு பேர் போர்த்திப் படுத்துக் கிடந்தார்கள். கொழுந்து முற்றிப் போயிற்று. அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காலத்தில் ஃப்ளூ கிருமியை வளர்ப்பது கோழி முட்டையில். நோயாளி கொப்பளித்த நீரைப் பத்து, பதினோரு நாள் அடைகாத்த முட்டைக்குள் செலுத்தி வைப்பார்கள். பிறகு முட்டைக்குள் இருக்கும் நீரை எடுத்துக் கோழி ரத்தத்தின் சிவப்பணுக்களோடு கலந்தால், கிருமி இருந்தால் அணுக்கள் ஒட்டிக் கட்டியாகும். பழைய ஃப்ளூவுக்கான எதிர்ப்பு நீரைச் சேர்த்தும் அது கட்டியாகிறதென்றால், வந்திருப்பது புது ஆள். 1957இல் வந்தது அப்படிப்பட்ட புது ஆள்தான்.

புது ஆள் எப்படி உருவாகிறான்? எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மாதாமாதம் பழைய செக்ரோலைப் பார்த்துப் புதியதைக் கையால் எழுதுவோம். ஒரு மாதம் முத்தம்மாள் முத்தாயி ஆகிவிட்டால், அடுத்த மாதமும் முத்தாயிதான். ஃப்ளூ கிருமி தன்னைப் படியெடுக்கும்போது இப்படித்தான் எழுத்துப்பிழை விழுகிறது, அதைச் சரிபார்க்கவும் ஆள் கிடையாது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது, சில பிழைகள் கிருமியையே கெடுத்துவிடும். எப்போதாவது ஒரு பிழை, நம் உடம்பு நினைவில் வைத்திருக்கும் முகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். அந்தப் பிரதிதான் தப்பித்துப் பெருகும். கிருமி யோசித்து எதையும் செய்வதில்லை.

இன்னொரு வழி நாற்றங்கால் மாதிரி. தேயிலைக் குச்சியை வெட்டி நட்டால் தாய்ச்செடியே மறுபடி வரும். விதை போட்டால் இரண்டு செடியின் குணம் கலந்து வரும். ஃப்ளூவின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே உயிரணுவுக்குள் மாட்டிக்கொண்டால் துண்டுகள் கலந்துவிடும். 1957 கிருமிக்கு எட்டில் மூன்று துண்டு பறவையிடமிருந்து வந்தது. 1968இல் ஹாங்காங் ஃப்ளூ வந்தபோது இரண்டு துண்டு மாறியிருந்தது. அந்த செப்டம்பரில் அது சென்னைக்கு வந்ததைப் பற்றி எழுதியவரும் குன்னூர்க்காரர்தான், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் வீரராகவன்.

இரண்டாவது முறை உலகில் பல இடங்களில் பாதிப்பு குறைவாக இருந்தது. உடனே நம் நண்பர்கள் "பார்த்தீங்களா, வலு குறைஞ்சது" என்பார்கள். மேலே இருக்கும் இரண்டு முக்கியப் புரதங்களில் ஒன்று மாறவில்லை, 1957இல் காய்ச்சல் கண்டவர்களின் உடம்பு அதை அடையாளம் கண்டது என்பதுதான் நிபுணர்கள் சொல்லும் ஒரு விளக்கம். அதாவது நினைவு வைத்திருந்தது நாம். கிருமி இரக்கப்படவில்லை. 1918ஐப் பாருங்கள். ஜூனில் பம்பாய்க்கு வந்த முதல் அலை லேசு. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

என் அத்தானும் இதையேதான் சொன்னார். 2021 மார்ச்சிலேயே அறுபது தாண்டியவர்களுக்கு ஊசி வந்துவிட்டது. அவருக்கு 71. அக்கா கெஞ்சினாள். "ஒரு வருஷம் ஆச்சுடி, இந்நேரம் கிருமிக்கும் வயசாகியிருக்கும்" என்று சிரித்தார். மே மூன்றாம் வாரம் போய்விட்டார். இ-பாஸ் எடுத்து, முகக்கவசத்தோடு தூர நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அப்போது பரவிக்கொண்டிருந்தது டெல்டா. 2020 இறுதியில் மகாராஷ்டிராவில் கண்டறியப்பட்டது. முதலில் வந்ததைவிட வேகமாகப் பரவியது, கடுமையாகவும் தாக்கியது. கொரோனாவுக்குப் படியைத் திருத்தும் வசதி கொஞ்சம் உண்டு, ஆனாலும் முப்பதாயிரம் எழுத்தில் மாதம் இரண்டு பிழையாவது தங்கிவிடும். கோடிக்கணக்கான பேர் உடம்பில் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளி மூச்சுத் திணறிப் படுப்பதற்கு முன்பே கிருமி அடுத்தவருக்குத் தாவிவிடுகிறது. அதன் பிறகு அவர் பிழைத்தால் என்ன, போனால் என்ன? சாதுவாக மாறுவதற்கு அதற்கு ஒரு நிர்ப்பந்தமும் இல்லை.

"அப்புறம் ஒமிக்ரான் லேசாகத்தானே வந்தது?" என்பார்கள். ஒமிக்ரான் டெல்டாவின் பிள்ளையே இல்லை. மரத்தில் வேறு கிளை, 2021 நவம்பரில்தான் தெரியவந்தது. அது வந்து சேர்வதற்குள் நம்மில் பலர் ஊசி போட்டிருந்தோம், அல்லது காய்ச்சல் கண்டிருந்தோம்.

மனிதரோடு நிற்கிற விஷயமும் இல்லை. அந்த ஜூனில் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றியது டெல்டாதான் என்று போபால் ஆய்வகம் உறுதி செய்தது. உடனே நம் தெப்பக்காடு முகாமில் 28 யானைகளுக்கும் சோதனை நடந்தது. தும்பிக்கையில் மாதிரி எடுத்தார்கள்! நல்லவேளை, ஒன்றுக்கும் இல்லை. அமெரிக்காவில் மான்களுக்குள் புகுந்து அங்கேயும் மாறிக்கொண்டிருந்தது.

ஃப்ளூ ஊசியின் கலவையை வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், உலக சுகாதார நிறுவனம் கூடி முடிவு செய்கிறது. போன வருஷம் போட்டது இந்த வருஷத்துக்கு ஆகாமல் போவது அதனால்தான். எந்த ஆண்டுக்கான கலவை என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, புதியதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா போன வாரம் போட்டுக்கொண்டாள். நர்ஸிடம் பெட்டியை வாங்கி, கண்ணாடியை மாட்டி, ஆண்டைப் படித்த பிறகுதான் கையை நீட்டினாளாம்.