மாலைத் தொடர்வண்டி

பூதலூர்த் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் என் தங்கையின் வீடு இருக்கிறது. திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே ஓடும் வண்டிகளின் ஓசை அவ்வீட்டாருக்குப் பழகிப்போன ஒன்று. அதனை உற்றுக் கேட்டவன் அவள் மகன் ஒருவனே என்பதை நாங்கள் காலந்தாழ்ந்தே அறிந்தோம்.

அப்போது அவனுக்கு ஐந்து வயது, பேச்சு வரவில்லை. சில மாலைகளில் திடீரெனத் தன் கையைக் கடித்துக்கொண்டு அலறுவான். அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்னும் மதியிறுக்கம் என்று மருத்துவர் கூறியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியப் பணியாற்றிய நானோ, தாய்மாமன் என்னும் உரிமையில், "நீ செல்லம் கொடுத்துத்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டாய்" என்று தங்கையைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறாமல் அடுப்படிக்குள் சென்றுவிட்டாள்.

வாரம் ஒருமுறை தஞ்சையிலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வரத் தொடங்கினார். சிறுவனுக்குப் பாடம் நடத்துவார் என்று எண்ணிப் பாயை விரித்தோம். அவர் தங்கையை அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். "அக்கா, வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்தான் நான் இங்கே இருக்கப்போகிறேன். மீதி 167 மணி நேரமும் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறான். நான் சொல்லித்தர வேண்டியது உங்களுக்குத்தான். அவனைப் பற்றி நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்" என்றார்.

அவர் கற்பித்தது 'பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு' என்னும் முறை. கை கழுவுதல் நமக்கு ஒரு செயல். அம்முறையில் அது பல படிகள். குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சோப்பைத் தேய்த்தல் என ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். தேவைப்படும் இடத்தில் மட்டும் உதவி, அதனை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். முடித்தவுடன் பிள்ளை விரும்புவதைத் தர வேண்டும். பயிற்றுநர் முதலில் தாம் செய்து காட்டுவார், அடுத்துத் தங்கையைச் செய்யச் சொல்லி அருகிருந்து பார்ப்பார், பிறகு திருத்துவார்.

அலறலுக்கு ஒரு நோட்டு தொடங்கப்பட்டது. அதில் மூன்று பத்திகள்: முன்பு நடந்தது, பிள்ளை செய்தது, பின்பு நடந்தது. முதல் வாரத்திலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. அவன் அலறும்போதெல்லாம் பாட்டி முறுக்கைக் கொடுத்து அமைதிப்படுத்தியிருந்தார். அன்பு, அலறலுக்குப் பரிசாகிவிட்டது! பயிற்றுநர் பாட்டியைக் குறை கூறவில்லை. "பாட்டி, அதே முறுக்கை அவன் படஅட்டையைக் காட்டிக் கேட்கும்போது கொடுங்கள்" என்றார்.

ஆயினும் அலறல் முற்றிலும் ஓயவில்லை. மூன்றாம் வாரம் தங்கை நோட்டைப் புரட்டியவாறே சொன்னாள்: "ரயில் நேரத்துக்கு வந்த நாளில் இவன் கத்தியதே இல்லை." மாலை வண்டியின் ஓசைக்குப் பின்னர்த்தான் அவ்வீட்டில் சோறு பரிமாறுவது வழக்கம். வண்டி தாமதமானால் அவனது உலகின் ஒழுங்கே குலைந்துவிடும். வாரம் ஒருமணி நேரம் வருபவர் இதனை எங்ஙனம் அறிவார்? பயிற்றுநர் எழுந்து தங்கையின் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் சேர்ந்து வழி கண்டனர். அன்று முதல் விளக்கேற்றுவதே உணவுக்கு அறிகுறியாயிற்று. பசித்தால் தட்டின் படத்தைக் காட்டவும் அவன் பழகினான்.

பெற்றோரைப் பயிற்றுவித்தலின் தேவையை உலகம் முன்பே கண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஐவர் லோவாஸும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் திரும்பிய குழந்தைகள் கற்றதைத் தக்கவைத்துக்கொண்டனர். காப்பகங்களுக்குச் சென்றோர் அதனை இழந்தனர். கல்லணையில் எவ்வளவு நீர் திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காயும் என்பதை நாம் அறிவோம். தில்லியில் ஆட்டிசம் உடைய பிள்ளையின் தாயான மெரி பரூவா தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பில், பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாகவே பயில்கின்றனர்.

இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. தொடக்க காலத்தில் இதில் தண்டனையும் இடம்பெற்றிருந்தது. ஆட்டிசம் உடையோர் பலர், தம்மைப் பிறரைப்போல் நடிக்கவைத்ததாகப் பின்னாளில் வருந்தி எழுதினர். எனவே, எதை மாற்றுவது என்பதையும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். மகிழ்ச்சியில் அவன் கைகளை உதறுவதை நிறுத்த வேண்டுமா என்று தங்கை கேட்டபோது, "எதற்கு, அக்கா? அது அவன் சிரிப்பு" என்றார் பயிற்றுநர்.

ஒருநாள் மாலை வண்டி வெகுநேரம் வரவில்லை. விளக்கு எரிந்தது. சிறுவன் தட்டின் படத்தை எடுத்து வந்து தாயின் கையில் வைத்தான். நான் தங்கையிடம், "அன்று உன்னைத் தவறாகப் பேசிவிட்டேன், அம்மா" என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கு நடவு, அண்ணே. சாயங்காலம் நீங்கள் பார்த்து எழுதுங்கள். மூன்று பத்தியையும் விடாமல் எழுத வேண்டும்."

ஆசிரியனாகிய நான் அன்று மாணவனானேன்.