அமாவாசையில் ஒரு பிறை
நடுநாட்டுப் பயணம் – 7

"தை அமாவாசையன்னிக்கு வந்துடுங்க. நிலா இருக்காது, மழையும் விட்டாச்சு" என்று நண்பர் செஞ்சியிலேயே சொல்லியிருந்தார். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற விழுப்புரம் மாவட்டம் இது. இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரி 29 மாலை, நான் மண்டகப்பட்டில் இறங்கும்போது தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். பொழுது சாய்வதற்குள் குகைக்கோயிலுக்குப் போனோம். சிறிய குன்று. முகப்பில் தடித்த இரண்டு தூண்கள், இரு ஓரங்களிலும் வாயிற்காவலர், பின்சுவரில் மூன்று வெற்றுக் கருவறைகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் விசித்திரசித்தனாகிய அவன் ஆக்கிய இலக்ஷிதாயதனம் என்னும் கோயில் இது என்கிறது அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு. தன் கோயிலில் என்னென்ன இல்லை என்று வரிசையாகச் சொல்லிப் பெருமைப்பட்ட அரசன் இவனைப் போல் இன்னொருவனை நான் அறியேன். இருட்டும்வரை அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நண்பரின் வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கி தயாராக நின்றது. ஆறு அங்குலக் கண்ணாடி, நாலடிக் குழாய், பலகையில் செய்த சுழல் பீடம். மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ளித் திருப்ப வேண்டும். இதற்கு டாப்சோனியன் என்று பெயர். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் சன்னல் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தித் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டியவர். அவருடைய அந்த எளிய அமைப்புதான் இன்று உலகம் முழுக்கக் கொல்லைப்புறங்களில் நிற்கிறது.

தெருவிளக்கின் வெளிச்சம் விழாமல் வேலியோரம் தார்ப்பாய் கட்டினோம். நண்பரின் ஆயா மதியப் படையலின் மிச்ச வடையையும் வறுத்த மல்லாட்டையையும் முறத்தில் கொண்டுவந்து வைத்தார். "எங்களுக்கெல்லாம் ஏது கடியாரம்? வெள்ளி மொளைக்கிறதுக்குள்ள கவலையப் பூட்டிடணும்" என்றார். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தை எண்பது வயதுக்கு மேலும் வானத்தை வைத்தே நினைவில் கொண்டிருக்கிறார்.

மேற்கே வெள்ளி எரிந்துகொண்டிருந்தது. முதல் பார்வை ஆயாவுக்குத்தான். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் அசையவில்லை. "அமாவாசையன்னிக்கிப் பிறை தெரியுதே கண்ணு!"

அது வெள்ளியின் பிறை. சூரியனை நம்மைவிடக் கிட்டத்தில் சுற்றுவதால் வெள்ளிக்கும் நிலாவைப்போல் வளர்பிறை தேய்பிறை உண்டு. 1610இல் கலிலியோ கண்டது இதைத்தான். அந்தப் பிறையை ஆயாவிடம் செய்முறையாக விளக்க ஒரு டார்ச்சும் ஒரு வடையும் போதுமாக இருந்தன.

வெள்ளிக்குப் பக்கத்தில் சனி. 2025இல் அதன் வளையம் பூமியை நோக்கி விளிம்பு காட்டித் திரும்பியது. அதனால் வட்டமாக இல்லை, ஊசி குத்திய மணிபோல இருந்தது. அது சீக்கிரம் இறங்கிவிடும் என்று உச்சியில் நின்ற வியாழனுக்குத் திரும்பினோம். ரோகிணிக்கு அருகே, ரிஷபத்தில் இருந்தது. 120 மடங்கு பெருக்கத்தில் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கவாட்டில் ஒரே கோட்டில் நிலாப் புள்ளிகள்.

"ஓடுது மாமா, ஓடுது!" என்றாள் நண்பரின் மகள். ஓடியது வியாழன் இல்லை, நாம் நிற்கும் தரை. பார்வை வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு எவ்வளவு நேரம் என்று அவளையே எண்ணச் சொன்னேன். பத்து எண்ணிக்கைக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தாள். பத்துக் கொட்டை ஆயிற்று. பூமி சுழல்வதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்த பெண், அன்றைக்கு அதைக் கொட்டை வைத்து அளந்துவிட்டாள்.

எனக்குப் புதுச்சேரி நினைவு வந்தது. 1825இல் அங்கே ஜான் வாரன் என்ற வானியலாளர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதிப் பார்க்கவில்லை. கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் என்று பிசகு கூடியது உண்மைதான். ஆனாலும் ஒரு கைப்பிடிச் சோழிக்குள் நிலவின் ஓட்டத்தை வைத்திருந்த அந்த மனிதரை நம் பள்ளிகளில் ஒரு பாடமாகவாவது சொல்ல வேண்டும்.

ஒன்பது மணிக்குப் பனி இறங்கியது. தொடும் இடமெல்லாம் குழாய் நனைந்திருந்தது. பார்ப்பவரின் மூச்சுபட்டே வில்லை மங்கியது. ஆயா பனையோலை விசிறியால் அதை விசிறிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மிருகசீரிஷத்துக்குக் கீழே, மூன்று நட்சத்திரங்களின் வரிசையிலிருந்து தொங்கும் மங்கலான திட்டுக்குக் குழாயைத் திருப்பினோம். நெபுலா. இறக்கை விரித்த சாம்பல் புகை, நடுவே நெருங்கி நிற்கும் நான்கு சிறு புள்ளிகள். அங்கே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. தொலைவு ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு. அன்றிரவு எங்கள் கண்ணில் விழுந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இந்தப் பகுதியைப் பல்லவர் ஆண்டுகொண்டிருந்தார்கள். மண்டகப்பட்டுக் குன்றில் உளி ஓய்ந்து சில பத்தாண்டுகளே ஆகியிருக்கும். அந்தத் தூணும் இந்த ஒளியும் கிட்டத்தட்ட ஒரே வயது.

பத்து மணிக்குத் தெற்கே அகத்திய நட்சத்திரம் உயர்ந்து நின்றது. லண்டனிலிருந்து இதை ஒருநாளும் பார்க்க முடியாது. நமக்கு அது தென்னைமர உயரத்தில் நிற்கிறது.

மாசி அமாவாசையிலும் நிலா இருக்காது. அன்று இரவு ஏழரைக்கு வாசல் விளக்கை நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு மாடிக்கோ கொல்லைக்கோ போங்கள். தொலைநோக்கி வேண்டாம், இருட்டில் கண் பழகக் கால் மணி நேரம் கொடுங்கள். அந்தப் பல்லவர் காலத்து வெளிச்சம் வெறும் கண்ணுக்கே தெரியும்.