கீலுக்குள் போகும் கேபிள்

ஜூலை 5, 2025

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் விடாத மழை. கீழே கிட்டங்கி வாசலில் சுக்கு மூட்டைகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் டேலி கணக்கு மென்பொருளில் ஜூன் மாத விற்பனையைப் பதிந்துகொண்டிருந்தபோது லேப்டாப் திரை சட்டென்று கறுத்துப் போனது. உள்ளே ஃபேன் ஓடுகிறது, விசையைத் தட்டினால் சத்தமும் வருகிறது. சற்று நேரத்தில் வெளிச்சம் தானாகவே வந்தது, மறுபடி போனது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தாக வேண்டும்.

அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தேன். மிளகுக் கணக்கின் எண்கள் மங்கலாகத் தெரிந்தன! எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. விளிம்பில் இருக்கும் எல்இடி பட்டைதான் பின்னாலிருந்து வெளிச்சம் தருகிறது. ஆக, படம் இருக்கிறது. பின்னொளிதான் விட்டு விட்டுப் போகிறது.

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதிலேயே போனது. எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டு டிவியோடு இணைத்தேன். லேப்டாப் இருண்டபோதும் டிவியில் படம் நிலையாக நின்றது. கிராபிக்ஸ் சிப்பில் குறையில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், அதிலும் மாற்றமில்லை. பயாஸ் பக்கத்தைத் திறந்து அப்படியே விட்டுவைத்தேன். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை, அங்கும் கறுத்தது. மென்பொருளைச் சந்தேகிக்க இனி வேலை இல்லை.

மூடியில் சிறு காந்தமும் உடற்பகுதியில் அதை உணரும் சென்சாரும் உண்டு. அது தடுமாறினால் மூடி மூடியிருப்பதாக எண்ணி லேப்டாப் திரையை அணைத்துவிடும். அப்படியானால் பெரும்பாலும் படமும் போயிருக்கும், டார்ச்சில் எண்கள் தெரிந்திருக்காது. மிஞ்சியது ஒன்றுதான். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். நிமிர்த்தினால் இருட்டு, சற்றே பின்னால் சாய்த்தால் வெளிச்சம். மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிள் கீல் வழியாகத்தான் போகிறது.

ஜூலை 7

பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தார், கறுத்த திரையைப் பார்த்தார். “டிஸ்ப்ளே போயி, சேட்டா.” திரை மாற்ற 7,500 ரூபாய். கோணத்தைச் சொன்னேன், டார்ச் சோதனையைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. ஸ்க்ரூவைத் தொடாமலே சொன்ன தீர்ப்பு அது. கல்லூரிப் பிள்ளை யாராவது கொண்டுவந்திருந்தால் கடன் வாங்கியாவது கட்டியிருப்பான் என்று நினைத்தபோதுதான் மனம் கொதித்தது.

ஜூலை 8

திரைக் கேபிள் தேயும் இந்தக் கோளாறு பெரிய பெரிய கம்பெனிகளையும் விட்டதில்லை. 2016இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் பின்னொளிக்கான கேபிள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் இழுபட்டுத் தேய்ந்தது. முதலில் திரையின் அடியில் மேடை விளக்கு போல ஒளித்திட்டுகள். பிறகு ஒரு கோணத்துக்கு மேல் திறந்தால் முழு இருட்டு. 2018 மாடலைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளம், அதில் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. 2019 மே மாதம் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. அந்த மேக்புக்கில் கேபிள் திரையோடு ஒன்றியது, தனியே மாற்ற முடியாது. நாம் வாங்கும் பெரும்பாலான லேப்டாப்புகளில் அது தனி உறுப்பு.

ஜூலை 9

பஸ் பிடித்து எறணாகுளம் மேனகா. அங்கே பென்டா மேனகா வணிக வளாகத்தில் ஓர் இளைஞர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பின்மூடியைக் கழற்றியதும் முதல் காரியமாக பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். பின்னொளிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது கேபிளைக் கழற்றினால் போர்டே சேதமாகலாம். திரைப் பக்கத்து கனெக்டரின் ஒரு முனையில் பச்சை பூத்திருந்தது. கீல் வளைவில் கேபிளின் மேலுறை மடிந்து உரிந்திருந்தது. படத்துக்கான தகவலும் பின்னொளிக்கான மின்சாரமும் ஒரே கேபிளில், வெவ்வேறு பின்களில் போகின்றன. பின்னொளி பின்களில் வோல்டேஜ் அதிகம். ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அவைதாம் சீக்கிரம் அரித்துப்போகும். படம் இருக்க, வெளிச்சம் மட்டும் போனதன் காரணம் அங்கே கண்ணெதிரே கிடந்தது.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பின்களைத் துடைத்தார். கேபிளில் ஒட்டியிருந்த பார்ட் நம்பரைப் பார்த்து அதே எண்ணில் வேறொன்று வாங்கி மாட்டினார். கூலியோடு 1,400 ரூபாய். மூடியை எல்லாக் கோணத்திலும் அசைத்துக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்கினார். அவர் கை வாழ்க.

ஜூலை 11

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலாகிவிட்டது. எவ்வளவு அசைத்தாலும் திரை இருளாமல் நிற்கிறது.

மலபார் கார்பிள்டு எனப்படும், சுத்தம் செய்து தரம் பிரித்த மிளகில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மீட்டர் வைத்து அளக்கிற ஊர் மட்டாஞ்சேரி. அதே கிட்டங்கியின் மாடியில் லேப்டாப்பை நாட்கணக்கில் மூடிப் போடுகிறோம். மழைக்காலத்தில் தினமும் சிறிது நேரம் ஓட விட்டால் உள்ளே சூடேறி ஈரம் தங்காது. பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைக்கலாம். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் கீலுக்கும் கேபிளுக்கும் நல்லது.

லெனோவோ, டெல், எச்பி நிறுவனங்களின் பராமரிப்புக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எதைக் கழற்றி எதை மாற்றலாம் என்று படத்தோடு இருக்கும். உங்கள் லேப்டாப் திரை இருண்டால், புதுத் திரைக்குப் பணம் எண்ணுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், டிவியில் இணைத்துப் பாருங்கள். கேபிளைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள். காட்ட மறுக்கும் கடையில் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.